கை எடுத்த பிறகுதான் சுட்டது

அடுப்படிவாசி:
போன வாரம் நடந்தது, மனதை விட்டுப் போகவே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல், ஆறியிருக்கும் என்று தொட்டுவிட்டேன். கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. முழங்கை மடங்கி, விரல்கள் தோளருகே நிற்கின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம்தான் சுரீர் என்றது. ஒரு மூச்சு விட்டதும் காந்த ஆரம்பித்தது. பள்ளியில் அனிச்சைச் செயல் என்று படம் வரைந்து பாகம் குறித்ததோடு சரி. என்னைக் கேட்காமல் என் கை நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். முடிவு தண்டுவடத்துடையது, மூளைக்குத் தகவல் மட்டும்தான்.

பால்குண்டான்:
சுரீர் வேறு, காந்தல் வேறு. இரண்டும் வெவ்வேறு நரம்பிழைகளில் வருகின்றன. சுரீர் கொண்டுவரும் இழைக்கு மெல்லிய கொழுப்பு உறை உண்டு, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். காந்தல் வரும் இழைக்கு உறை கிடையாது, நொடிக்கு 2 மீட்டர் போனாலே அதிகம். நீங்கள் மூச்சு விட்ட நேரம் அந்த வித்தியாசம்தான்.

ஆனால் 'மூளைக்குத் தகவல் மட்டும்' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கொதித்த பாலை இறக்கும்போது பிடிதுணி நழுவி, குண்டானின் விளிம்பு உள்ளங்கையில் பட்டது. காலடியில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். விடவில்லை. நான்கு எட்டு நடந்து மேடையில் வைத்த பிறகுதான் கை திறந்தது. தோல் உரிந்துவிட்டது. கையை விடச் சொன்னது தண்டுவடம் என்றால், விடாதே என்று மேலிருந்து அடக்கியது எது? மூளைதானே!

மூத்தமகன்:
நீங்கள் இருவரும் வலித்த கதை சொல்கிறீர்கள். என் அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. 20 வருடமாக சுகர். சந்தைக்குப் போய் வந்தார், வாசலிலிருந்து அடுப்படி வரை தரையில் ஒற்றைக் கால் தடம், சிவப்பாக. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி நின்றது. எவ்வளவு தூரம் அதோடு நடந்தார் என்று தெரியாது. கை எடுப்பதெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்தால்தானே?

ஈரோட்டுத்தங்கை:
என் மாமனாருக்கும் இப்படித்தான், வெந்நீரில் கால் வைத்துக் கொப்பளம். அண்ணா, ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சுகரில் முதலில் கெடுவது கால்தான். இடுப்பருகே கிளம்பும் ஒரே இழை கால்விரல் வரை போகிறது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். நீளமானதுதான் முதலில் அடிபடும், நுனியிலிருந்து மேலே ஏறும். அதனால் தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் நீங்களே பாருங்கள், அம்மாவுக்குக் குனிந்து பார்க்க வராது. செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும், ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். காலில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்துவார், தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைப்பார். வருடம் ஒருமுறையாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மூத்தமகன்:
பி12 பார்த்தாச்சும்மா, குறைவுதான், ஊசி போடுகிறோம். இசைக்கவை வைத்தபோது அம்மா, "வச்சாச்சா?" என்று டாக்டரைக் கேட்டார். அது அப்போதே அதிர்ந்துகொண்டுதான் இருந்தது, எனக்குச் சத்தம் கேட்டது.

ஆனால் தூங்க விடாதது அதில்லை. அன்றைக்குத் தரையைப் பார்த்துப் பதறி என் காலைத்தான் முதலில் குனிந்து தடவினார். "உனக்கு எங்கடா அடிபட்டுச்சு?" என்றார்.