பைலஸ் வழியாக டி.என்.ஏ. போகிறதா? பாடநூல் படம் குறித்து ஒரு விவாதம்

மலர்விழி (உயிரியல் ஆசிரியர்):
பாக்டீரிய இணைவு (ஒரு பாக்டீரியம் இன்னொன்றுக்கு டி.என்.ஏ. கொடுப்பது) என்றால் பாடநூல்களில் எப்போதும் ஒரே படம்தான். தள்ளி நிற்கும் இரண்டு ஈ. கோலை பாக்டீரிய செல்கள், நடுவே பைலஸ் என்ற நீண்ட, மயிரிழை போன்ற குழாய், அதற்குள் ஓடும் டி.என்.ஏ. இழை. இந்தப் படத்தை நீக்க வேண்டும் என்கிறேன். பைலஸின் வேலை, டி.என்.ஏ.வைப் பெறும் ஏற்பி செல்லைப் பற்றி, சுருங்கி, அருகே இழுத்து வருவது. டி.என்.ஏ. கடப்பது இரு செல்சுவர்களும் நெருங்கி ஒட்டிய பிறகு. 1978இல் ஆக்ட்மன் குழுவினர், செல்கள் கூட்டமாக ஒட்டிய பின் சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்த்தார்கள். அது பைலஸைச் சிதைத்துவிடும். ஆனால் டி.என்.ஏ. இடமாற்றம் நிற்கவில்லை. குழாயே இல்லாதபோது இழை எதன் வழியாகப் போனது?

கரிகாலன்:
டீச்சர், ஒட்டிய செல்களுக்கு நீண்ட பைலஸ் தேவையில்லை என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டுகிறது. ஒட்டாத செல்களின் கதை வேறு. 1970இலேயே ஓவும் ஆண்டர்சனும் செல் ஜோடிகளை நுண்ணோக்கியின் கீழ் தனித்தனியே பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். சுவரோடு சுவர் தொடாத ஜோடிகளிலும் மரபணு இடமாற்றம் நடந்திருந்தது.

அமைப்பையும் பாருங்கள். 2016இல் லண்டனில் வாக்ஸ்மன் குழுவினர் எஃப் பைலஸின் (ஈ. கோலை இணைவில் வரும் இதே பைலஸ்) கட்டமைப்பை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டறிந்தார்கள். பைலஸைக் கட்டும் டிரா-ஏ என்ற பைலின் புரதத்தின் ஒவ்வொரு துணையலகுடனும் பாஸ்போலிப்பிட் என்ற ஒரு கொழுப்பு மூலக்கூறு இணைந்திருக்கிறது. அந்தக் கொழுப்பின் தலைப்பகுதி உள்வழியை நோக்கியிருப்பதால் அங்குள்ள நேர்மின் தன்மை குறைகிறது. எதிர்மின் கொண்ட டி.என்.ஏ. சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் நழுவ அது வசதி. உள்வழியின் விட்டம் சுமார் 2.8 நானோமீட்டர், ஒற்றை இழை தாராளமாக நுழையும். இழுப்பது மட்டுமே வேலை என்றால் இவ்வளவு நுணுக்கமான உள்வழி எதற்கு?

மலர்விழி:
நுழைய இடம் இருக்கிறது என்பதாலேயே அதுதான் பாதை என்று ஆகிவிடாது. போவது வெறும் இழையும் அல்ல. டிரா-ஐ என்ற ரிலாக்சேஸ் நொதி, பிளாஸ்மிட் எனப்படும் தனி வட்ட டி.என்.ஏ.வின் ஒரு இழையை வெட்டி, அதன் 5' முனையோடு பிணைந்துகொண்டு தானும் கூடவே போகிறது. 1,700க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அது. மடிப்பு அவிழாமல் அந்தக் குழாய்க்குள் புகவே முடியாது. 1991இல் வெளியான எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில், இணையும் செல்களின் சுவர்கள் நீளமாக ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதைக் காணலாம்.

நிலவன் (நுண்ணுயிரியல் ஆய்வு மாணவர்):
இருவருமே எஃப் பைலஸை மட்டும் பேசுகிறீர்கள். காலராக் கிருமியைப் பாருங்கள். 2018இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் அதன் பைலஸுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிப் படம்பிடித்தார்கள். பைலஸின் நுனி வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வைப் பற்றுகிறது, பிறகு சுருங்கிச் செல்லுக்கு இழுத்து வருகிறது. உள்வழியில் எதுவும் ஓடவில்லை. மலர்விழி அக்காவின் பக்கத்துக்கு இது வலு சேர்க்கிறது.

கரிகாலன்:
சேர்க்கவில்லை, தம்பி. அது நான்காம் வகைப் பைலஸ். நீங்கள் சொல்வது இயற்கை உருமாற்றம். இறந்த செல்லின் டி.என்.ஏ.வை எடுத்துக்கொள்வதும், உயிருள்ள செல் தன் பிளாஸ்மிட்டைக் கொடுப்பதும் ஒன்றல்ல. வேறொரு பைலஸின் இயக்கத்தை எஃப் பைலஸின் மேல் ஏற்றக்கூடாது.

எஃப் பைலஸுக்கே நேரடிச் சான்று வந்துவிட்டது. பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் உயிருள்ள செல்களை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்து, தள்ளி நிற்கும் செல்களுக்கு இடையே எஃப் பைலஸ் டி.என்.ஏ.வைக் கடத்துகிறது என்று காட்டினார்கள்.

நிலவன்:
வேறு ஆய்வுகளில் இன்னொன்றும் இருக்கிறது. பைலின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியபோது, சிலவற்றில் பைலஸ் உருவானாலும் டி.என்.ஏ. போகவில்லை. பைலஸ் இருந்தாலே டி.என்.ஏ. இடமாற்றம் நடந்துவிடும் என்று சொல்ல முடியாது. தாவரங்களுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தும் அக்ரோபாக்டீரியத்தில் நேர்மாறு: வெளியே பைலஸ் தெரியாத சில திடீர்மாற்ற வகைகளும் டி.என்.ஏ.வைக் கடத்துகின்றன. ஆனால் அங்கும் பைலின் புரதம் இல்லாமல் நடக்காது.

மலர்விழி:
தொலைவில் நடக்கிறது என்பதை ஏற்கிறேன். அதுதான் பெரும்பான்மை வழி என்பதை ஏற்கவில்லை. நீண்ட பைலஸ் 20 மைக்ரோமீட்டர் வரை நீளும், செல்லின் நீளமோ 2 மைக்ரோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு ஒரு இலட்சம் கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட்டின் இழை ஓடுவதாக மட்டுமே மாணவர் மனத்தில் பதிகிறது. பைலஸ் சுருங்குகிறது என்ற செய்தியே அவர்களிடம் போய்ச் சேர்வதில்லை. மருந்து எதிர்ப்புத்திறன் மரபணு மருத்துவமனைகளில் எப்படிப் பரவுகிறது என்று படிக்கப் போகும் பிள்ளைகள் அவர்கள்.

கரிகாலன்:
அப்படியானால் படத்தை நீக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொரு படம் சேருங்கள்: பைலஸ் சுருங்கி, சுவர்கள் ஒட்டிய நிலை. தேர்வில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

மலர்விழி:
இரண்டாவது படத்தை முதலில் போடுவதாக இருந்தால் சம்மதம்.