பழைய பெரிய வண்டிகளில் ஸ்டீயரிங் ஆட்டம், சஸ்பென்ஷன்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அல்சூர்க்காரன்:
பெரியப்பாவின் 1964 ஷெவர்லே இம்பாலா கார் பற்றி இங்கே பலருக்குத் தெரியும், அதனால் வண்டிக் கதை வேண்டாம். ஸ்டீயரிங்கில் நாலு விரல் அகலத்துக்கு ஆட்டம். திருப்பத் திருப்ப ஒன்றுமே நடக்காது, அப்புறம் திடீரென்று ஒரு பக்கம் இழுக்கும். முதலில் போன கேரேஜில் ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) மேலே இருக்கும் ஸ்க்ரூவை நன்றாகத் திருகி இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். நின்ற இடத்தில் ஆட்டிப் பார்த்தால் ஆட்டமே இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம். பெங்களூரு மேக்ரி சர்க்கிளில் திரும்பி வெளியே வரும்போது பெரியப்பா வழக்கம்போலக் கையைத் தளர்த்தினார். வீல் தானாகத் திரும்பி வரவில்லை. வளைந்த நிலையிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் பஸ். இரண்டு கையாலும் இழுத்துத்தான் நேராக்கினார். அந்த பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு ஜன்னலை நிறைத்துக்கொண்டு வந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் வில்சன் கார்டனில் ஒரு ஷெட். அந்த மெக்கானிக் அண்ணன் ஜாக்கே போடவில்லை. "சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், வண்டி வெயிட் அதுமேலதான் இருக்கணும்" என்று சொல்லி, கட்டை கொடுத்துவிட்டுக் கீழே படுத்தார். என்னை ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடதும் வலதுமாக ஆட்டச் சொன்னார். பிறகு என்னைக் கீழே படுக்க வைத்து அவர் ஆட்டினார். எங்கள் வண்டி லெஃப்ட் ஹேண்ட் டிரைவ், பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் வலது பக்கம். அது பக்கவாட்டில் நகர்வதற்கு முன்னால் மேலே ஏறி இறங்கியது, ஒரு விரல் கனத்துக்கு. கிரீஸ் காய்ந்து கறுப்பு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. "பாரு தம்பி, நீ திருப்புறதுல பாதி மேலயும் கீழயும் போயிடுது, மீதிதான் சக்கரத்துக்குப் போகுது" என்றார்.

ஐட்லர் ஆர்ம், இரண்டு வெளி டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு) மாற்றினோம். பாக்ஸ் ஸ்க்ரூவை மறுபடி தளர்த்தி முறையாக வைத்தார். இது பவர் இல்லாத வண்டி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அது மாறாது. ஆனால் இப்போது திருப்பினால் திரும்புகிறது, விட்டால் நேராகிறது.

மர்பி டவுன்:
இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நண்பன் காண்டெஸா காருக்கு ஒரு சின்னக் காரின் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் தண்டை மோட்டாரோடு மாட்டியிருக்கிறான். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பின்னாலிருக்கும் சந்தில் அவன் அம்மா அந்த வண்டியை ஒரு கையால் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார்கள். அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை வலி, பல வருஷம் அந்த வண்டியைத் தொடவே இல்லை. இறங்கி வந்து கதவை மூடிவிட்டு பானெட்டைத் தடவிக் கொடுத்தார்கள் பாருங்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஒரிஜினல், ஒரிஜினல் என்று பேசுகிறவர்கள் வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

காண்டெஸா ரவுண்டானா:
மர்பி டவுன், அந்த அம்மாவுக்குக் கிடைத்த வசதி பெரிய விஷயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அல்சூர்க்காரன் சொன்ன பிரச்சினை பளு இல்லை, ஆட்டம். மோட்டார் வைத்தால் கை வலி குறையும். தேய்ந்த ஜாயிண்ட் தேய்ந்த ஜாயிண்டாகவே இருக்கும், கைக்குத் தெரிவதுதான் நின்றுவிடும். அது ஆபத்து.

என் விஷயம் புஷ், அதாவது சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். 90களின் காண்டெஸா, முன் ஆர்ம் புஷ் எல்லாம் போய்விட்டது. ஜேசி ரோட்டில் ஒரிஜினல் ரப்பர் கிடைக்கவில்லை என்று லேத்தில் கடைந்த கெட்டி பிளாஸ்டிக் புஷ் போட்டுக் கொடுத்தார்கள். ஊருக்குள் வண்டி நன்றாக இருந்தது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும் பாலத்தின் ஒவ்வொரு ஜாயிண்டும் உள்ளங்கையில் வந்து அடித்தது. ஒசூர் போய்ச் சேர்வதற்குள் மாமா "வண்டியை நிறுத்துடா, பஸ்ஸில் வருகிறேன்" என்றார்.

பிறகு சிவாஜிநகரில் தேடி ரப்பர் புஷ் வாங்கிப் போட்டேன். சில மாதத்திலேயே கிழிந்தது! ரப்பர் மட்டம் என்றுதான் நினைத்தேன். வேறொரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: ரப்பர் வட்டமாக, ஒரே திசையில் முறுக்கிக் கிழிந்திருந்தது. முதலில் போட்டவர்கள் வண்டி ஜாக்கில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்யும், கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டை லேசாகப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ரெண்டு தடவை அமுக்கி விட்டு, அப்புறம்தான் முழுசாக இறுக்க வேண்டும். இதைச் செய்யாத கேரேஜ்தான் அதிகம். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அம்பாசிடர் மகள்:
அப்பா வண்டி அம்பாசிடர், முன்னால் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார், அதாவது முறுக்கும் இரும்புத் தண்டு. ஸ்டீயரிங் ராக் அண்ட் பினியன் (பல் வைத்த கம்பியைச் சின்னப் பல்சக்கரம் நேராகத் தள்ளும்), இம்பாலா மாதிரி பாக்ஸ் இல்லை, அதனால் நடுவில் ஆட்டம் வந்தாலே எங்களுக்கு வித்தியாசம் தெரியும். ஸ்பீட் பிரேக்கரில் இடிக்கிறது என்று ஒரு இடத்தில் டார்ஷன் பாரை மாற்றி மாட்டி முன்பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையிலிருந்து தானே ஓடும். அப்பா ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு, சமதரையில் வண்டியை நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் ஒரு விரல் உயரம் அதிகம். உட்கார்ந்து யோசித்தார், யாரையும் திட்டவில்லை. மறுநாள் பழைய உயரத்துக்கே இறக்கச் சொல்லி இரண்டு பக்கமும் சமமாக வைத்தார். ஓட்டமும் சரியாகிவிட்டது. வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் அளந்து எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.

123 டீசல்:
என்னுடையது மெர்சிடிஸ் டபிள்யூ 123. ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக் மாதிரியான டாம்பர் புதுசு போட்டதும் நடுக்கம் நின்றது. பழைய டாம்பரைக் கழற்றி எடுத்த அன்று, டாம்பர் இல்லாமல் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வீல் என் கையில் உதறியது. தேய்மானம் எல்லாம் ஜாயிண்டில் இருந்தது, டாம்பர் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், வரிசை முக்கியம். முதலில் டயர்: வயசு, காற்று. பிறகு வீல் பேரிங். பிறகு அல்சூர்க்காரன் சொன்ன மாதிரி சக்கரம் தரையில் இருக்க ஐட்லர், டை ராட், பாக்ஸுக்கு மேலே ஸ்டீயரிங் தண்டைச் சேர்க்கும் ரப்பர் கப்ளிங். பாக்ஸ் ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் தொட்டுப் பாருங்கள், பாக்ஸே அசையும் வண்டியைப் பார்த்திருக்கிறேன். பால் ஜாயிண்டும் (சக்கரப் பகுதியை ஆர்மோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) புஷ்ஷும் அடுத்தது. பாக்ஸ் ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வகை பாக்ஸ் நேராகப் போகும் இடத்தில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது, அதை இன்னும் இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான்.

அலைன்மெண்ட் கடைசி வேலை, ஆனால் அதில்தான் பாதி சுகம். இம்பாலா காலத்து எண்கள் பயாஸ் என்ற பழைய வகை டயருக்கு எழுதினவை, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) மிகக் குறைவாக இருக்கும். இப்போது எல்லோரும் ரேடியல் போடுகிறோம். பவர் உள்ள வண்டிக்கு மூன்று நான்கு டிகிரி பாஸிட்டிவ் காஸ்டர் கொடுத்தால் நெடுஞ்சாலையில் நேராகப் போகும். பவர் இல்லாத வண்டிக்கு அவ்வளவு வேண்டாம், நிறுத்தும்போது கை சோர்ந்துவிடும், ரெண்டு போதும். முன் ஸ்டெபிலைசர் பார் கொஞ்சம் தடிப்பானது போட்டால் வளைவில் சாய்வது குறையும், ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். காயிலை வெட்டித் தாழ்த்திய வண்டி பம்ப் ஸ்டாப்பில், அதாவது சஸ்பென்ஷன் இறுதியில் இடிக்கும் ரப்பர் கட்டையில், போய் உட்காரும்.

மர்பி டவுனுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி விண்டேஜாகப் பதிவு செய்ய நினைத்தால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் நண்பன் வண்டி அந்த வயசு இல்லை. ஆனாலும் தொழிற்சாலை அமைப்பை மாற்றும்போது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

மர்பி டவுன்:
சார், நான் சொன்னது ஒரு அம்மாவின் தோள்பட்டை. சட்டம் கேட்கவில்லை.

அல்சூர்க்காரன்:
123 சார் சொன்ன அலைன்மெண்ட் எங்களுக்கும் நடந்தது. கம்ப்யூட்டர் வைத்த கடையில் இம்பாலா லிஸ்டிலேயே இல்லை. வேறு ஏதோ செடானைத் தேர்ந்தெடுத்துத் திரையில் பச்சை வந்துவிட்டது, போங்கள் என்றார்கள். வில்சன் கார்டன் அண்ணனிடம் திரும்பி வந்தோம். அவர் மேல் ஆர்ம் ஷாஃப்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இருக்கும் ஷிம்களை எடுத்தார். சின்னச் சின்னத் தகடு, துரு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. முன் போல்ட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பின் போல்ட்டில் போட்டார், அதில் காஸ்டர் கூடும் என்றார். பிறகு அதே கடைக்குப் போய் எண்ணை மட்டும் படித்துக் கொடுக்கச் சொன்னோம்.

காண்டெஸா ரவுண்டானாவிடம் ஒரு கேள்வி. முன்பக்கம் சரியாகிவிட்டது, லாரி தாண்டிப் போனால் பின்பக்கம் மட்டும் லேசாக அலைகிறது. ஷாக் புதுசு.

காண்டெஸா ரவுண்டானா:
பின் ஆர்ம் புஷ் பாருங்கள் தம்பி. 64 மாடலில் பின்னாலும் காயில்தான், ஆக்சிலைப் பிடித்து வைப்பதே அந்த ஆர்ம்கள். ஒரு நீள ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் ரப்பர் வாய் திறப்பது தெரியும். மாற்றினால் போல்ட் இறுக்கும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள், வண்டி தரையில் நிற்க வேண்டும்.