சின்ன 9 எம்.எம். பிஸ்டல்: கடையில் பிடித்தது, சுடும் ரேஞ்சில் பிடிக்கவில்லை – ட்ரிகர், கிரிப் அனுபவங்கள்

உடம்போடு மறைத்து எடுத்துச் செல்வதற்கென்று அமெரிக்காவில் சின்ன 9 எம்.எம். பிஸ்டல் வாங்குபவர்கள், முதல் 50 தோட்டா தீர்ந்ததும் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். ட்ரிகர் கனமாக, மண் உரசுகிற மாதிரி இருக்கிறது. சுண்டு விரல் அந்தரத்தில் தொங்குகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு (2012), க்ளாக் 43 (2015), சிக் சவர் பி365 (2018) என்று எதை எடுத்தாலும் இந்தப் பேச்சு கூடவே வருகிறது. இதில் எது பழுது, எது அந்த அளவுக்கே உரிய குணம் என்று பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்ற இறங்குவதில்தான் பணம் வீணாகிறது.

கணக்கைப் பாருங்கள். காலி மேகசினோடு (தோட்டா அடைக்கும் பெட்டி) சேர்த்து க்ளாக் 43, பி365 இரண்டுமே அரைக் கிலோவை ஒட்டிய எடை. ட்ரிகரை இழுக்க 5.5 முதல் 6.5 பவுண்டு, அதாவது சுமார் 2.5 முதல் 3 கிலோ அழுத்தம் தேவை. துப்பாக்கியின் எடையைப்போல ஐந்தாறு மடங்கு! அதே ட்ரிகரை ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் எஃகு பிஸ்டலில் வைத்தால், விரல் செய்யும் தப்பில் பாதியை அந்தக் கனமே தாங்கிக்கொள்ளும். சின்னதில் அந்தத் தப்பெல்லாம் குழல் நுனியை ஆட்டிவிடும்.

போதாக்குறைக்கு, இலக்கைப் பார்க்க மேலே இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளியும் குறைவு. க்ளாக் 43-இல் அது ஏறத்தாழ 132 மி.மீ., முழு அளவு க்ளாக் 17-இல் 165 மி.மீ. முன்குறி 1 மி.மீ. விலகினால் 7 மீட்டர் தூரத்தில் முதலாவதில் 53 மி.மீ. தள்ளி அடிக்கும், இரண்டாவதில் 42 மி.மீ. கனமான ட்ரிகர், லேசான உடல், குட்டையான குறி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் ஏமாற்றம் பிறக்கிறது.

* * *

ட்ரிகர் பக்கத்தைப் பார்ப்போம். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை (முன்னும் பின்னும் ஓடும் உலோக மேல்பாகம்) பின்னுக்கு இழுத்துப் பூட்டி, சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) கண்ணாலும் பாருங்கள், சுண்டு விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

வெறுமனே இழுக்கும்போது மூன்று கட்டங்களைத் தனித்தனியாகக் கவனியுங்கள். விரல் லேசாகப் போகும் தளர்ந்த நகர்வு ஒன்று. அதன் முடிவில் சுவரில் மோதுவதுபோல நிற்கும் இடம் ஒன்று. அந்தச் சுவர் உடைந்து ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியை இடிக்கும் ஊசி) விடுபடும் கணம் ஒன்று. உரசல் தளர்ந்த நகர்வில் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அங்கே ட்ரிகர் பாரின் (ட்ரிகரோடு சேர்ந்து நகரும் உள்தகடு) மேடு, ஸ்லைடுக்குள் ஸ்ட்ரைக்கரைத் தடுத்து வைக்கும் பாதுகாப்பு பிளஞ்சர் என்ற முளையை மேலே தள்ளுகிறது. புதுத் துப்பாக்கியில் இரண்டு உலோக விளிம்புகளிலும் இயந்திரம் வெட்டிய கோடுகள் அப்படியே இருக்கும், அதுதான் கரகரக்கிறது. க்ளாக் ரகமானால் ஸ்லைடைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், சட்டை பட்டன் அளவில் ஒரு வட்ட முனை தெரியும். விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு இறங்கி ஏறினால் சரி. நடுவில் திக்கினால் உள்ளே அழுக்கோ பிசிறோ இருக்கிறது.

சுவருக்கு அப்புறம் உரசல், இரண்டு படியாக உடைவது, இழுத்துவிட்ட ட்ரிகர் முழுக்க முன்னுக்கு வராதது ஆகிய மூன்றும் வேறு வகை. இவற்றைத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் தயாரிப்பாளரின் வாரண்டிக்கு அனுப்புங்கள்.

எண்ணெய் விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். க்ளாக்கில் ட்ரிகர் பாரின் பின்கொக்கி, கனெக்டர் என்ற சின்னத் தகட்டைத் தொடும் மூலையில் ஒரு சொட்டு அவசியம். அது காய்ந்திருந்தால் ட்ரிகர் இறுகிப்போகும். ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாய்க்குள் மட்டும் எண்ணெய் விடவே கூடாது. கரியும் தூசியும் எண்ணெயில் குழைந்து ஸ்ட்ரைக்கரை மந்தமாக்கும், தோட்டா வெடிக்காமல் போகும். புது க்ளாக் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை இருக்கும். அதை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள், அது ஆரம்ப நாட்களுக்கான மசகு.

இன்னொன்று. க்ளாக்கை கழற்ற ட்ரிகரை இழுத்தே ஆக வேண்டும். ஷீல்டில் உள்ளே இருக்கும் மஞ்சள் நெம்பியைக் கீழே தள்ளினால் ட்ரிகரைத் தொடாமலே கழற்றலாம். க்ளாக்காரர்கள் சேம்பரை இரண்டு தடவை பார்க்க இதுவே காரணம்.

* * *

"கனமாக இருக்கிறது" என்று குறை சொல்பவர்கள் அளந்துவிட்டுச் சொன்னால் பதில் சொல்பவர்களுக்கு உதவி. ட்ரிகர் கேஜின் (இழுக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி) கொக்கியை ட்ரிகர் வளைவின் நடுவில் மாட்டி, குழலுக்கு இணையாக நேர் பின்னால் இழுக்க வேண்டும். கொக்கி நுனிக்கு இறங்கினால் நெம்புகோல் நீளம் கூடி அளவு குறைவாகக் காட்டும், மேலே ஏறினால் கூடுதலாகக் காட்டும். பத்து முறை அளந்து, அதிகத்தையும் குறைவையும் விட்டுவிட்டு மீதி எட்டுக்குச் சராசரி எடுங்கள். சராசரி 6 பவுண்டு வந்து, எல்லா அளவும் அரை பவுண்டுக்குள் அடங்கினால் அந்தத் துப்பாக்கி ஆரோக்கியமாக இருக்கிறது. ஒரு தடவை 5, அடுத்த தடவை 7 என்று குதித்தால்தான் உள்ளே ஏதோ சரியில்லை.

பெட்டியில் உள்ள மாடல் எண்ணையும் பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநில விதிகளுக்காக ட்ரிகரை வேண்டுமென்றே 10 பவுண்டு அளவுக்குக் கனமாக்கி விற்கும் பதிப்புகள் உண்டு. பழைய துப்பாக்கியாகக் கைமாறி வேறு மாநிலத்துக்கு வந்திருந்தால், வாங்கியவர் வருடக்கணக்கில் அதைப் பழுது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

* * *

இனி கிரிப், அதாவது கைப்பிடி. என் கணிப்பில் ட்ரிகர் குறை என்று வருவதில் பாதி, கிரிப் குறைதான்.

மறைத்து வைக்கும்போது துணிக்கு வெளியே துருத்தித் தெரிவது குழல் அல்ல, கைப்பிடியின் அடி. அதனால்தான் தயாரிப்பாளர்கள் முதலில் கைப்பிடியைக் குட்டையாக்குகிறார்கள். மூன்று விரல் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டரை விரல்தான் நிற்கும். சுண்டு விரல் பிடிமானம் இல்லாமல் மேகசின் அடியில் மடங்கியிருக்கும். ட்ரிகர் விரல் இழுக்கும்போது அந்தச் சுண்டு விரலும் சேர்ந்து சுருங்கும். கைப்பிடியின் அடி உள்ளங்கைக்குள் இழுபட, முன்குறி கீழே சாயும்.

முதல் வைத்தியம் மலிவானது: விரல் தாங்கி வைத்த மேகசின் அடித்தட்டு. பி365 வெளிவந்தபோதே இரண்டு 10 தோட்டா மேகசின்கள் தந்தார்கள், ஒன்று தட்டையான அடி, மற்றது விரல் தாங்கியோடு. ஷீல்டில் 7 தோட்டா மேகசின் தட்டை, 8 தோட்டா மேகசின் நீளம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி பத்துப் பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்தால் குறை ட்ரிகரிலா, பிடியிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும். விரல் தாங்கியோடு சுடும்போது தோட்டாத் துளைகள் நெருங்கி விழுந்தால் ட்ரிகரைத் திட்ட வேண்டியதில்லை.

தாங்கியும் மேகசினும் சேரும் இடுக்கில் உள்ளங்கைச் சதை கிள்ளுப்படும், கவனம். சுடும்போது மேகசின் துளி கீழிறங்கி மறுபடி ஏறும், அந்த மயிரிழை இடைவெளியில் தோல் மாட்டும். சைக்கிள் ட்யூப் துண்டை ஒரு சுற்று போட்டால் கிள்ளல் நிற்கும், ஆனால் மேகசின் தடையின்றி விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, நீளமான கைப்பிடிக்கே மாறுவது. பி365-இல் வரிசை எண் பொறித்த உள்பெட்டிதான் சட்டப்படி துப்பாக்கி, கைப்பிடி வெறும் உதிரிபாகம். அதனால் பி365 எக்ஸ்எல் கைப்பிடியை வாங்கி அதிலேயே மாட்டலாம், புதிதாகப் பதிவு வேலை கிடையாது. க்ளாக் 43-க்கு அந்த வசதி இல்லை, அதன் கைப்பிடியே வரிசை எண் கொண்ட சட்டகம். அதே நீள ஸ்லைடில் உயரமான கைப்பிடி வைத்து 43எக்ஸ் (2019) வந்தது. பிடிதான் பிரச்சினை என்றால் 43-இன் மேல் செலவு செய்வதைவிட மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சொரசொரப்பும் ஒரு சிக்கல். ஈரக் கையிலும் வழுக்காத அளவுக்குக் கரடாக இருந்தால், இடுப்புக்குள் செருகும்போது தோலைச் சிராய்க்கும். உடம்பைத் தொடும் பக்கம் மட்டும் 400 நம்பர் உப்புத்தாளில் லேசாக நாலைந்து இழுப்பு போதும். தேய்த்தது திரும்ப வராது, வாரண்டியும் போகலாம். உள்பனியன் மாற்றுவதை முதலில் முயலுங்கள்.

* * *

மேலே சொன்னதோடு ஒட்டி: தோட்டா குறியை விட்டு விலகி விழுகிறது என்றால், விரல் எங்கே படுகிறது என்று பாருங்கள். சின்னப் பிஸ்டலில் ட்ரிகர் கைக்கு மிக அருகில் இருப்பதால் விரல் நீளமானவர்களுக்கு அது முதல் கணு வரை உள்ளே போய்விடும், இழுப்பு நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் திரும்பும். விரல் முன்சதையின் நடுவை வையுங்கள். சின்னக் கை உள்ளவர்களுக்கு நேர்மாறாக நுனி மட்டும் எட்டும், ட்ரிகரைத் தள்ளுவார்கள்.

ஸ்பான்சு மாதிரி தளர்ந்த மணிக்கட்டு இன்னொரு வினை. சட்டகம் பின்னால் சாய்ந்தால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, காலி உறை வெளியேறும் வாயில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நிற்கும். இதைத் துப்பாக்கிப் பழுது என்று கடைக்கு எடுத்துப் போவது வாடிக்கை. கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு பூட்டாமல் மூடிக்கொண்டால், பெருவிரல் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் பூட்டும் நெம்பி) மேல் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சட்டகத்தில் பெருவிரலுக்கு வேறு இடமே இல்லை, வெளிப்பக்கம் சரித்து வைத்தால் தீர்ந்துவிடும்.

* * *

ட்ரிகரை இலேசாக்கும் பாகங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து படியுங்கள். ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை மென்மையாக மாற்றினால் இழுப்பு குறையும், கூடவே ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பாகம்) விழும் அடியும் குறையும். தடித்த ப்ரைமர் உள்ள தோட்டா வெடிக்காது. குறிப்பலகை சுடும் துப்பாக்கியில் அது எரிச்சல், தற்காப்புத் துப்பாக்கியில் உயிர்ப் பிரச்சினை. க்ளாக்கில் 4.5 பவுண்டு கனெக்டர் நிறுவனமே தரும் பாகம்தான், ஆனால் இடுப்பிலும் பையிலும் சுமப்பதில் அதைப் போட நான் சொல்ல மாட்டேன். தனிப் பாதுகாப்பு நெம்பி இல்லாத பிஸ்டலில் அந்த நீளமும் கனமும்தான், சட்டை நுனி ட்ரிகருக்குள் சிக்கினால் நமக்குக் கிடைக்கும் கடைசி அவகாசம். சியரை (ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) அரம் போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். அதன் கடின மேல்தோல் மெல்லியது, அதைத் தாண்டினால் துப்பாக்கி தானாக வெடிக்கும் அபாயம் வரும்.

அதற்குப் பதிலாக முதலில் ஸ்னாப் கேப் (பயிற்சிக்கான போலித் தோட்டா) போட்டு 200 முதல் 300 தடவை வெறும் இழுப்பு. பிறகு 200 தோட்டா, குண்டின் எடை 115 கிரெய்ன் உள்ளதும் 124 கிரெய்ன் உள்ளதும் பாதிப் பாதி. அப்புறம் மறுபடி கேஜில் அளந்து பாருங்கள். எடை அதிகம் குறைந்திருக்காது, கரகரப்பு போயிருக்கும்.

* * *

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு: 4473 படிவம் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அமெரிக்க அரசுப் படிவம்) நிரப்பி துப்பாக்கி கைக்கு வந்த பிறகு பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. அதனால் சோதனை எல்லாம் அதற்கு முன்னால். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு வெறுமனே பத்துத் தடவை இழுங்கள். க்ளாக் மாதிரி ட்ரிகரின் நடுவில் சின்னப் பாதுகாப்பு நாக்கு இருந்தால், அழுத்தியதும் அது ட்ரிகர் முகத்தோடு சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். துருத்திக்கொண்டு நின்றால் 50 தோட்டாவுக்குள் விரல் கொப்புளிக்கும். நடுவிரல் கணு ட்ரிகர் வளையத்தின் அடியில் இடிக்கிறதா, பெருவிரல் இடுக்குச் சதை ஸ்லைடின் பாதைக்குள் போகிறதா என்றும் பாருங்கள். கடையிலேயே ரேஞ்ச் இருந்தால் அதே மாடலை வாடகைக்கு எடுத்து, இரண்டு பெட்டி தோட்டாவாவது சுட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள். முதல் பெட்டியில் கை புதுமையில் பொறுத்துக்கொள்ளும், இரண்டாவதின் பாதியில்தான் எங்கே வலிக்கிறது என்று தெரியும்.