மறு: லிஸனரைப் பட்டனோடு 'இணைப்பதா', 'மாட்டுவதா'?

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று இரவு வரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஜாவா பாடக்குறிப்பின் 7ஆம் அலகு அச்சுக்குப் போயாக வேண்டும். அதில் மூன்று சொற்கள், தமிழ் முடிவாகாமல், இன்னும் மஞ்சள் பூசியபடியே கிடக்கின்றன: ஈவென்ட் சோர்ஸ் (பட்டனைப் போல, ஈவென்ட் பிறக்கும் பொருள்), லிஸனர் (ஈவென்ட் நடந்ததும் கூப்பிடப்படும் பொருள்), அப்புறம் இவை இரண்டையும் சேர்த்துவைக்கிற அந்த வினைச்சொல். ஈவென்டுக்கு 'நிகழ்வு' என்பது முடிந்த விஷயம் என்றுதான் இருந்தேன், புலவர் ஐயா அதையும் மறுபடி திறந்துவிட்டார்.

> தொல்காப்பியர் 'இறப்பின் நிகழ்வின் எதிர்வின்' என்று முக்காலத்தைச் சொல்கிறார். அங்கே நிகழ்வு நிகழ்காலம். நடந்து முடிந்த ஒன்றை அறிவிக்கும் பொருளுக்கு நிகழ்வு என்று பெயர் வைத்தால் காலமயக்கம் ஆகாதா?

ஐயா, நீங்கள் சொல்வது நிரலுக்கும் (புரோகிராமுக்கும்) பொருந்துகிறது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. ஜாவாவில் பட்டனை அழுத்தியதும் கூப்பிடப்படும் மெத்தடின், அதாவது நிரல்துண்டின், பெயரே 'ஆக்‌ஷன் பெர்ஃபார்ம்டு', இறந்தகாலம். ஆனால் 'நேற்றைய நிகழ்வு' என்று செய்தித்தாள் எழுதுகிறது, கோயில் அழைப்பிதழில் 'நிகழ்வுகள்' என்று போடுகிறார்கள், பிள்ளைகள் தயங்காமல் படிக்கிறார்கள். இதை விட்டுவிடலாம், இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

சோர்ஸுக்கு 'மூலம்' வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வரைவில் 'நிகழ்வு மூலம் அறிவிப்பை அனுப்புகிறது' என்று எழுதியிருந்தேன். சோர்ஸ் அனுப்புகிறது என்பது என் கருத்து. படித்துப் பார்த்த சக ஆசிரியர் 'நிகழ்வின் வழியாக' என்று புரிந்துகொண்டு, 'யார் அனுப்புகிறது, எழுவாயைக் காணோமே' என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. 'தோற்றுவாய்' அழகான சொல், அதில் வாய் இருப்பதால் எதிரே செவி வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்ததும் எனக்குப் பிடித்தது. ஆனாலும் 'ஊற்று' சின்னது, ஒரு தடவை சொன்னால் நிற்கும். நிகழ்வூற்று. இதற்கு யாரும் எதிர்ப்பு எழுதவில்லை, எனவே மஞ்சளை எடுத்துவிட்டேன்.

லிஸனர்தான் பாதி மடல்களைத் தின்றுவிட்டது. கேட்பி, கேட்பான், செவி, செவிமடுப்பி, ஒற்றன். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தையே எடுத்துப் போட்டவருக்கு ஒரு பதில்: ஒற்றன் ஒளிந்து பார்க்கிறான் என்பதால்தான் பகை அரசனுக்கு அவன் மேல் பயம். இங்கே ஊற்றுக்கு ஒவ்வொரு லிஸனரையும் தெரியும், பட்டியல் போட்டே வைத்திருக்கிறது. ஒளிந்திருப்பவர் யாரும் இல்லை. 'கேள்' என்ற வேரிலிருந்து 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' வரைக்கும் போன இழையை ரசித்துப் படித்தேன். கேள் என்றால் கேட்டலும் உறவும், எனவே லிஸனர் ஊற்றுக்கு உறவு ஆகிறது என்கிற வாதம். உறவு என்றால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை, இதற்குக் கீழே வருகிறேன்.

பெங்களூருத் தம்பி எழுப்பிய கேள்விதான் கனமானது.

> தமிழில் கேட்பது என்றால் காதால் கேட்பதும் கேட்பதுதான், கடன் கேட்பதும் கேட்பதுதான். போலிங்கில் நிரல் திரும்பத் திரும்பக் 'கேட்கிறது': அழுத்தியாச்சா, அழுத்தியாச்சா? லிஸனர் அதற்கு நேர் எதிர். இரண்டுக்கும் ஒரே வேர் வைத்தால் பையன்கள் குழம்புவார்கள்.

இது உண்மை. குழாயடியில் நின்று 'தண்ணி வந்துடுச்சா' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவரும், குழாய் சத்தம் காதில் விழட்டும் என்று வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் ஒன்றல்ல. பேச்சில் வேற்றுமை உருபும் செயப்படுபொருளும் காப்பாற்றிவிடுகின்றன, 'பாட்டைக் கேட்டான்', 'அவனிடம் கேட்டான்' என்றால் குழப்பம் வராது. கேட்பி என்று தனியாக நிற்கும்போது அந்தத் துணை இல்லை. ஆனாலும் செவிமடுப்பியை ஒரு பக்கத்தில் பன்னிரண்டு முறை அச்சடிக்க முடியாது. வெறும் 'செவி' எனக்கு இன்னமும் ஆசைதான், ஆனால் அதற்கு வந்த மறுப்பு சரியான மறுப்பு, அதையும் கீழே சொல்கிறேன். எனவே கேட்பியை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: போலிங்கை எங்கேயும் 'கேட்டல்' என்று எழுதக்கூடாது, 'வினவல்' என்றே எழுதவேண்டும். தரவுத்தளப் பாடத்தில் வினவல் ஏற்கெனவே இருக்கிறதே என்றால், அங்கேயும் நிரல் தானாகப் போய்க் கேட்பதுதானே, பொருந்தும்.

இனி வினைச்சொல். இதில்தான் நான் பெரும்பான்மையோடு ஒத்துப்போகவில்லை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லே முதலில் தேவைப்படவில்லை. 1996இல் வந்த ஜாவா 1.0இல் லிஸனர் கிடையாது. பட்டனில் எதாவது நடந்தால் அது பட்டனிலிருந்து அதைச் சுமக்கும் பலகைக்கு, அங்கிருந்து சன்னலுக்கு என்று மேலே ஏறிக்கொண்டே போகும், வழியில் யாராவது கவனித்தால் உண்டு. கவனிக்க வேண்டுமென்றால் அந்த வகுப்பையே நீட்டித்து மெத்தடை மாற்றி எழுதவேண்டும். மரபுரிமைதான் வழி. அடுத்த ஆண்டு 1.1இல் அதை மாற்றி, எந்தப் பொருள் வேண்டுமானாலும் வந்து பட்டனிடம் தன்னைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆக்கினார்கள். 'ஆட் ஆக்‌ஷன் லிஸனர்' என்ற மெத்தட் அப்போது வந்ததுதான். நமக்கு வேண்டிய வினை அந்த 'ஆட்' (சேர்) செய்யும் வேலைக்கு.

பெரும்பான்மை கேட்பது 'இணைத்தல்', எதிர்ச்சொல் 'துண்டித்தல்'. போன பருவத்தில் நானும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவர் தன் அண்ணனின் தையல் கடைக்கு ரசீது நிரல் எழுதிக்கொண்டு வந்தார். 'புதிய ரசீது' என்று ஒரு பட்டன், 'சேமி' என்று ஒரு பட்டன். முதல் ரசீது ஒழுங்காகச் சேமித்தது. இரண்டாவது ரசீது கோப்பில் இரண்டு தடவை விழுந்தது, மூன்றாவது மூன்று தடவை. மூன்று ரசீதுக்கு ஆறு வரிகள். திறந்து பார்த்தால், 'புதிய ரசீது' அழுத்தும்போதெல்லாம் சேமி பட்டனுக்குப் புதிதாக ஒரு லிஸனரைச் சேர்க்கும் வரி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நான் காட்டினேன். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "சார், இணைச்சதைத் திரும்ப இணைச்சா என்ன ஆகப்போகுது? இணைஞ்சது இணைஞ்சதுதானே?"

அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். இணைந்திருக்கும் இரண்டை மறுபடி இணைத்தால் ஒன்றும் ஆகாது, மின் இணைப்பு கொடுத்த வீட்டுக்கு மறுபடி இணைப்பு கொடுப்பதில்லை. 'பதிவு' என்று வைத்தாலும் இதே கதை, ஒரு பெயரை ஒரு தடவைதான் பதிவார்கள். ஜாவாவில் சன்னல், பட்டன் செய்ய உதவும் ஸ்விங் நூலகத்தில் ஒரே லிஸனரையே இரண்டு தடவை சேர்த்தாலும் இரண்டு தடவை கூப்பிடும். (உலாவியில் அப்படி இல்லை, அதே நிகழ்வுக்கு அதே ஃபங்ஷனை மறுபடி கொடுத்தால் இரண்டாவது சேராது. அங்கே இணைத்தலோ பதிவோ கொஞ்சம் பொருந்தும்.)

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இணை என்றால் சமம், ஜோடி. 'இணைபிரியாத' என்கிறோம். இங்கே சமம் இல்லை. ஊற்றின் கையில் கேட்பியின் முகவரி இருக்கிறது, கேட்பிக்கு ஊற்றைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஒருபக்கத் தன்மை புரியாததால்தான் நினைவகம் கசிகிறது. சன்னலை மூடியாயிற்று, அதன் கேட்பி இனி யாருக்கும் வேண்டாம். ஆனால் நிரல் முழுக்க உயிரோடு இருக்கும் ஏதோ ஒரு ஊற்று அதைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் ஜாவாவின் குப்பை சேகரிப்பான் (யாரும் பிடித்திராத பொருளை நினைவகத்திலிருந்து நீக்குவது) தொடாமல் போய்விடும்.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது வீட்டுச் சுவரில் இருக்கும் ஆணிதான் கண்ணில் பட்டது. ஆணியில் சட்டையை மாட்டுகிறோம். ஒரே ஆணியில் மூன்று சட்டை மாட்டலாம், மூன்றும் தொங்கும். சட்டையைத் தாங்குவது ஆணி. வீடு பெருக்குகிறவர் தரையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு போவார், மாட்டியிருப்பதைத் தொடமாட்டார், அது கிழிசலாக இருந்தாலும். போகவேண்டுமென்றால் நாம்தான் கழற்றிப் போடவேண்டும். மாட்டு, கழற்று. இந்த ஆணிக் கதையை இந்தப் பருவத்தில் சொன்னேன், இரட்டை ரசீது பிழையை ஒரு மாணவி தானாகவே கண்டுபிடித்து "சார், ரெண்டு தடவை மாட்டிட்டேன்" என்றார்.

புலவர் ஐயா, 'மாட்டு' பேச்சுவழக்கு, பாடநூலுக்கு ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். தொல்காப்பியச் செய்யுளியலில் 34 உறுப்புகளில் ஒன்று மாட்டு.

அகன்றுபொருள் கிடப்பினும் அணுகிய நிலையினும்
இயன்றுபொருள் முடியத் தந்தனர் உணர்த்தல்
மாட்டென மொழிப பாட்டியல் வழக்கின்.

தூரத்தில் கிடந்தாலும் பக்கத்தில் கிடந்தாலும் பொருள் முடியும்படி கொண்டுவந்து சேர்ப்பது மாட்டு. ஒரு கோப்பில் இருக்கும் பட்டனுக்கும் இன்னொரு கோப்பில் இருக்கும் கேட்பிக்கும் நாம் செய்வது வேறென்ன? சட்டை மாட்டுகிற சொல்லே தொல்காப்பியத்திலும் இருக்கிறது. தூய்மைக் கட்சிக்கும் எளிமைக் கட்சிக்கும் ஒரே சொல்லில் இப்படி இடம் கிடைப்பது அபூர்வம்.

நன்னூல் பக்கம் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பூட்டுப் பொருள்கோளுக்கு 'திறந்திடுமின்' என்று தொடங்கி 'கதவு' என்று முடியும் வெண்பாவை எடுத்துக்காட்டியது அருமை. முதல் சொல் கடைசிச் சொல்லைப் போய்ப் பற்றுகிறது. ஆனால் 'பூட்டு' வேண்டாம். அடுத்த அலகில் இழைகளுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகளுக்கு) லாக் வருகிறது, அங்கே பூட்டைத் தவிர வேறு சொல் இல்லை. 'புணர்த்தல்' இலக்கணப்படி மிகச் சரி, நிலைமொழி வருமொழி உவமையும் சரி, 17 வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அதைச் சொல்ல முடியாது. 'தொடுப்பு' என்றால் ஊர்ப்பக்கம் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன 'கொழுவு' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

> எங்கட பக்கம் சட்டையைக் கொழுவுறது எண்டுதான் சொல்லுவம். கொழுவி எண்டால் ஹூக். ஆனால் கொழுவல் எண்டால் சண்டையும்தான், அதையும் யோசியுங்கோ.

அண்ணா, இலங்கையில் தமிழில் ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) படிக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதும்போது தயவுசெய்து கொழுவு என்றே எழுதுங்கள். இரண்டும் ஒரே படத்தைத்தான் மனதில் கொண்டுவருகின்றன, அதுதான் எனக்கு முக்கியம்.

மாட்டுக்கு வந்த மறுப்புகளையும் மறைக்கவில்லை. 'மாட்டிவிட்டான்' என்றால் சிக்கவைத்தான் என்று பொருள் வரும். தலைப்பில் 'கேட்பி மாட்டு' என்று போட்டால் பசுமாடு ஞாபகம் வரும், எனவே பெயராக வரும் இடங்களில் 'மாட்டல்' என்று எழுதலாம். செவியை மாட்டுவது என்றதற்கு, காதில்தான் தோட்டை மாட்டுவோம், காதையே எங்கேயாவது மாட்டுவார்களா என்று ஒருவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, செவியைக் கைவிட்டது அதனால்தான். க்யூட்டி (Qt) என்ற சி++ நூலகத்தைப் பற்றித் தம்பி சொன்னதும் நியாயம். அங்கே 'கனெக்ட்' என்ற ஃபங்ஷன் அனுப்புபவர், பெறுபவர் இருவரையும் வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கிறது, ஒரு பக்கம் அழிந்தால் தொடர்பு தானாகவே அறுந்துவிடுகிறது. அதற்கு இணைத்தலே பொருத்தம், அதை மாற்றச் சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தால் இணைத்தலுக்கு ஒன்பது பேர், மாட்டலுக்கு நானும் அண்ணாவும் சேர்த்து நான்கு பேர். ஒன்பதில் மூன்று பேர் 'எதையாவது முடியுங்கள், போதும்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அதையும் வாக்காகவே எடுத்துக்கொண்டேன். ஆகவே கலைச்சொல் பட்டியலில் 'இணைத்தல்' என்றே போகும். 7ஆம் அலகில் அந்த ஆணிப் பத்தியை மட்டும் நான் எடுக்கப்போவதில்லை, அதில் மாட்டு, கழற்று என்றுதான் இருக்கும். பட்டியலும் பாடமும் முரண்படுகின்றன என்று அச்சகத்திலிருந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

புலவர் ஐயாவிடம் ஒரே ஒரு உதவி. அச்சில் 'கழற்று' என்று போடவா, 'கழட்டு' என்றே விட்டுவிடவா? பிள்ளைகள் வாயில் வருவது கழட்டு. வியாழன் இரவுக்குள் ஒரு வரி எழுதினால் போதும்.