குடும்ப வருமானத்தைச் சேர்த்ததும் இன வித்தியாசம் சுருங்குகிறது: இதை எப்படி எழுதுவது?

வைகறை (கேள்வி)

வணக்கம். பிரிட்டனின் மிலேனியம் கோஹார்ட் டேட்டாவில் (2000ஐ ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பல வயதுகளில் தொடரும் ஆய்வு) 5 வயதுக் குழந்தைகளின் சமூக, உணர்வு நலனை இனக்குழு வாரியாகப் பார்க்கிறேன். அளவுகோல், பெற்றோர் பதில் சொல்லும் எஸ்டிக்யூ படிவம் (குழந்தையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் வினாத்தாள்). வயது, பாலினம் மட்டும் மாடலில் (புள்ளியியல் கணக்கில்) இருக்கும்போது பாகிஸ்தானி, வங்கதேசக் குழந்தைகளின் மொத்தச் சிரமப் புள்ளி வெள்ளையினக் குழந்தைகளைவிடத் தெளிவாக அதிகம். குடும்ப வருமானத்தைச் சேர்த்ததும் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. "இனம் காரணமில்லை, வறுமைதான்" என்று எழுதலாமா? 17 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவர்களைச் "சிக்கல் உள்ளவர்கள்" என்று வெட்டிக் காட்டுவது சரியா? இலங்கைத் தமிழ்க் குழந்தைகளைத் தனியே பிரிக்க வழி உண்டா?

நெய்தல்

அப்படி எழுதாதீர்கள். வருமானம் இனத்துக்குச் சம்பந்தமில்லாமல் தனியே நிற்கும் காரணி அல்ல. யாருக்கு எந்த வேலை கிடைக்கிறது, எந்தப் பகுதியில் வீடு கிடைக்கிறது, வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தை யார் மதிக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த வருமானம். ஏற்றத்தாழ்வு குழந்தையிடம் வந்துசேரும் பாதையே அதுதான். பாதையை மாடலில் அடைத்துவிட்டு, எதுவும் வந்துசேரவில்லை என்று சொல்வது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம்.

வயது, பாலினம் மட்டும் உள்ள முதல் மாடலின் எண்தான் ஏற்றத்தாழ்வின் அளவு. அதை முதலில், தயங்காமல் கொடுங்கள். பிறகு வருமானம், வீட்டு நெரிசல், தாயின் கல்வி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எந்த வழியாக எவ்வளவு வருகிறது என்று காட்டுங்கள். 5 வயது அலையில் (அந்த வயதில் நடந்த தரவுச் சேகரிப்புச் சுற்றில்) தாய்மார்களிடம் இனவெறி அனுபவம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வறுமையை மட்டும் பேசினால் கதை பாதிதான்.

தாயின் மன உளைச்சலை (கெஸ்லர் 6 என்ற ஆறு கேள்வி அளவுகோல், 0 முதல் 24 வரை) கடைசியில் சேருங்கள். அதில் இரண்டு விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன. தாயின் உளைச்சல் குழந்தையை உண்மையிலேயே பாதிக்கும். அதே தாய்தான் குழந்தையைப் பற்றியும் பதில் சொல்கிறார் என்பதால், சோர்ந்த மனநிலையில் சிரமங்கள் கூடுதலாகத் தெரியவும் வாய்ப்புண்டு. பெற்றோர் பதிலை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. 7 வயது அலையில் ஆசிரியர்கள் நிரப்பிய எஸ்டிக்யூவும் இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரியர் பார்வையிலும் சாய்வு இருக்கலாம், அதனால் அதையே இறுதித் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். எந்த இனக்குழுவில் இருவர் பதிலும் அதிகம் விலகுகிறது என்பதே எழுத வேண்டிய முடிவு.

செம்பருத்தி

மாடலுக்கு முன்னால் அளவுகோலைச் சோதிக்க வேண்டும். எஸ்டிக்யூவில் 25 கேள்விகள், ஐந்தைந்தாக ஐந்து பிரிவுகள், ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2. மொத்தச் சிரமப் புள்ளியில் பிறருக்கு உதவும் பண்பு பற்றிய ஐந்தும் சேராது. மீதி 20 கேள்விகள், 0 முதல் 40 வரை. 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து கேள்விகளும் நல்ல குணத்தைக் கேட்பவை, அவற்றின் புள்ளியைத் தலைகீழாக மாற்ற வேண்டும். ஒரு பிரிவில் மூன்று கேள்விக்காவது பதில் இருந்தால்தான் விடுபட்டதை விகிதப்படி நிரப்பலாம்.

இப்போது 23ஆம் கேள்வியைப் பாருங்கள்: மற்ற குழந்தைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுகிறதா? "ஆம்" என்றால் அது சிரமக் கணக்கில் ஏறும். தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று ஒரே வீட்டில் வளரும் குழந்தைக்கு அது சிரமமே இல்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்கிறதா என்ற 3ஆம் கேள்வியும் அப்படித்தான். மனக்கஷ்டத்தை உடல்வலியாகச் சொல்வது வழக்கமான வீடுகளில் அதன் எடை வேறு.

அதனால் குழுக்களுக்கிடையே அளவீட்டுச் சமத்துவம் இருக்கிறதா, அதாவது ஒரே கேள்வி எல்லாக் குழுவிலும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி அளக்கிறதா என்று பாருங்கள். முதலில் ஐந்து காரணி அமைப்பு (கேள்விகள் ஐந்து பிரிவாகச் சேர்வது) எல்லாக் குழுக்களிலும் பொருந்துகிறதா, பிறகு சுமைகளையும் (கேள்விக்கும் பிரிவுக்கும் உள்ள பிணைப்பு) வாசல் மதிப்புகளையும் (ஒரு பதிலிலிருந்து அடுத்ததற்குத் தாவும் புள்ளி) குழுக்களுக்கிடையே சமமாக்கினால் பொருத்தம் எவ்வளவு குறைகிறது என்று. சிஎஃப்ஐ (மாடலின் பொருத்தத்தைக் காட்டும் எண்) 0.01க்கு மேல் விழுந்தால் எச்சரிக்கை. பதில் மூன்று படிகள்தான் என்பதால் வரிசைத் தரவுக்கான முறையில் ஓட்டுங்கள். தொடர் எண்ணாக எடுத்தால் முடிவு பிசகும்.

17 என்ற வெட்டு (எல்லைப் புள்ளி) பெற்றோர் படிவத்துக்கு உரியது, ஆசிரியர் படிவத்துக்கு 16. ஒரே வெட்டை இரண்டுக்கும் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கேள்வியே குழுவுக்குக் குழு வேறாக வேலை செய்யும்போது, வெட்டு அந்தப் பிசகைப் பெரிதாக்கும். முழுப் புள்ளியையே பயன்படுத்துங்கள்.

வைகறை

மிக்க நன்றி. அப்படியானால் 23ஐ நீக்கிவிட்டு மற்ற 19ஐக் கூட்டினால் போதுமா?

செம்பருத்தி

முதன்மை முடிவாக வேண்டாம். அளவு 0–38 ஆகிவிடும், வேறு ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. 20ஐயும் வைத்து ஒரு முறை, 19ஐ வைத்து ஒரு முறை ஓட்டி, இடைவெளி எவ்வளவு நகர்கிறது என்று இரண்டையும் கொடுங்கள்.

ஆலமரம்

தமிழ்க் குழந்தைகள் பற்றி: எட்டுப் பிரிவு இனப் பட்டியலில் இலங்கைக்குத் தனி இடம் இல்லை. இலங்கைத் தமிழர் பெரும்பாலும் சீனர், பிற ஆசியரோடு சேர்ந்து "மற்றவை"க்குள் போய்விடுகிறார்கள். அந்த வரிசையின் எண்ணைத் தமிழர் எண்ணாக வாசிக்கவே கூடாது. வீட்டில் பேசும் மொழியை வைத்துத் தேடினாலும் கையில் வருவது மிகச் சிறிய எண்ணிக்கை. அதில் சராசரி போட்டு அறிவிப்பது ஆபத்து.

"ஆசியர்" என்று ஒரே குழுவாகச் சேர்ப்பதும் தவறு. 1999, 2004 தேசிய குழந்தை மனநலக் கணக்கெடுப்புகளில் இந்திய வம்சாவளிக் குழந்தைகளுக்குச் சிக்கல்கள், அதிலும் நடத்தைச் சிக்கல்கள், வெள்ளையினக் குழந்தைகளைவிடக் குறைவு. அவர்களைப் பாகிஸ்தானி, வங்கதேசக் குழந்தைகளோடு கலந்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

இன்னொன்று, வெயிட் (மாதிரியை மக்கள்தொகை விகிதத்துக்குச் சரிக்கட்டும் எடை). இந்த ஆய்வு இங்கிலாந்தில் 1991 கணக்கெடுப்பின்படி குறைந்தது 30 சதவீதம் கறுப்பின, ஆசிய மக்கள் இருந்த வார்டுகளை (சிறு நிர்வாகப் பகுதிகளை) மாதிரியின் தனி அடுக்காக எடுத்து, அங்கே கூடுதலாக மாதிரி சேர்த்தது. வெயிட் போடாவிட்டால், தம் மக்கள் அதிகம் இல்லாத ஊரில் வாழும் குடும்பங்களின் குரல் அமுங்கிவிடும். அடுக்கு, வார்டு இரண்டையும் மென்பொருளில் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பிழை வரம்பு பொய்யாகக் குறுகித் தெரியும். அந்தந்த அலைக்குரிய வெயிட்டையே எடுங்கள், ஏனென்றால் இடையில் விலகிய குடும்பங்களுக்கான திருத்தம் அதில்தான் இருக்கிறது.