வெல்டு அடிச்ச டிஃப்: டிராக்குக்கும் ரோட்டுக்கும் ஒரே கார் சரிவருமா?

பின்சில்லு:
வணக்கம் அண்ணன்மாரே. பிரிட்டன்ல ஓடுற பிஎம்டபிள்யூ ஈ36 328ஐ, மேனுவல். 188 மி.மீ. ஓப்பன் டிஃப் (டிஃபரன்ஷியல், பின்சக்கரம் ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் பெட்டி). மாசம் ஒரு நாள் ட்ரிஃப்ட் (பின்பக்கத்தை வழுக்க விட்டு ஓட்டறது), டிராக்குக்குப் போய் வர்றதும் இதே கார்லதான். டிஃப்பைக் கீழே இறக்காம பின்மூடியை மட்டும் கழட்டி, ரெண்டு சக்கரமும் ஒண்ணாவே சுத்துற மாதிரி, உள்ளே இருக்கிற ஸ்டார் பினியனை (சின்னப் பல்சக்கரம்) அங்கேயே வெல்டு அடிச்சிடலாமா? என்ன ராடு? ரோட்ல ஓட்டினா எது முதல்ல போகும்?

கிரவுன்பினியன்:
தம்பி, உள்ளேயே வெச்சு அடிக்காதீங்க. எர்த் கிளாம்பை ஹவுசிங்ல (வெளிக்கூடு) மாட்டினா கரண்ட் பேரிங் வழியாத்தான் கேரியருக்கு (உள்ளே கியர்களைத் தாங்கிச் சுத்துற கூடு) போகும். பேரிங்கோட ரோலரும் ரேஸும் (அது உருளுற வளையம்) தொடுற இடத்துல பொறி தட்டி நுணுக்கமா குழி விழும். அன்னிக்குத் தெரியாது, கொஞ்ச நாள்ல ஊளையிட ஆரம்பிக்கும். தெறிக்கிற வெல்டு மணிகளும் பினியன் பேரிங் பக்கம் போய் உட்காரும், துணி விட்டுத் துடைக்க வழியில்லை.

இறக்கிப் பண்ணுங்க. ஆயிலை வடிக்கிறதுக்கு முன்னாடி ஊத்துற பிளக் கழண்டு வருதான்னு பாருங்க, 14 மி.மீ. ஆலன் சாவி வேணும். மூடியைத் திறந்ததும் டயல் கேஜ் வெச்சு பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற ஆட்டம்) அளந்து எழுதி வைங்க. திரும்பப் பூட்டும்போது அதே அளவு வரணும். பக்கவாட்டு மூடிக்கு அடியில இருக்கிற ஷிம்மை (இடைவெளி சரிபண்ணுற மெல்லிய வளையம்) அப்பவே இடது, வலதுன்னு குறிச்சுத் தனித்தனி கவர்ல போடுங்க. மாறிப்போனா கிரவுன் வீல் (கேரியர்ல இருக்கிற பெரிய பல்சக்கரம்) இடம் மாறும், பல் சீக்கிரம் தேயும்.

கேரியர் வெளியே வந்ததும் கிரவுன் வீலையும், புல்லர் போட்டு பேரிங்கையும் எடுத்துடுங்க. வெல்டு சூடு ரெண்டுக்குமே ஆகாது. எர்த்தை நேரா கேரியர்ல கொடுங்க. பழைய அவுட்புட் ஃபிளாஞ்ச் (டிரைவ்ஷாஃப்ட் மாட்டுற வட்டு) ரெண்டு கிடைச்சா செருகி வெச்சு அடிங்க. சன் கியர் (ஸ்டாரோட கடிக்கிற பக்கவாட்டுப் பல்சக்கரம்) மையம் விலகாது, அதோட ஸ்ப்லைன்லயும் (ஃபிளாஞ்ச் செருகுற வரிப்பள்ளம்) மணி ஒட்டாது.

ஆர்க்_ஆறுமுகம்:
சுத்தம் பண்றதுல சோம்பல் கூடாது. கியர் ஆயில்ல கந்தகம் இருக்கு, பல் இடுக்குல மிச்சம் இருந்தா வெல்டு நுரைச்சுக் குமிழி விடும், வெடிக்கும். டிகிரீசர்ல கழுவி, லேசா சூடாக்கி, கசியுற எண்ணெயைத் துடைச்சு, மறுபடி கழுவுங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். ஆர்க் பட்டா பாஸ்ஜீன் வாயு வரும், ஆளையே கொல்லும்.

பல்லோட மேல்தோல் கார்பன் ஏத்திக் கெட்டியாக்கினது. பச்சையா அடிச்சா வெல்டுக்கு ஓரமா முடி மாதிரி விரிசல் ஓடும். 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேத்திட்டு ஆரம்பிங்க. 309 ஸ்டெயின்லெஸ் ராடு நல்லா இழுத்துக் கொடுக்கும். பல் இடுக்கோட அடிக்கு 2.5 மி.மீ. ராடு, 70 ஆம்பியர். மேலே நிரப்ப 3.2 மி.மீ., 90 முதல் 110. 7018 ராடுதான் கையில இருக்குன்னா அடுப்புல காயவெச்ச ராடா இருக்கணும். ஸ்டார் ரெண்டும் சன் ரெண்டும் கடிக்கிற நாலு இடத்தையும் நிரப்புங்க. ஒரு இடத்துல 25 மி.மீ. ஓட்டினதும் எதிர்ப்பக்கம் போங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஸ்லாக்கை (வெல்டு மேல படியுற கசடு) முழுசா தட்டி எடுங்க, ஒட்டியிருக்கிற துண்டு அப்புறம் ஆயில்ல சுத்தும். கியரைக் கேரியரோட சேர்த்து அடிக்காதீங்க: அது வார்ப்பிரும்பு, விரியும், பூட்டுக்குத் தேவையும் இல்லை. முடிச்சதும் காஞ்ச மணல்ல புதைச்சு ராத்திரி முழுக்க விடுங்க.

பூட்டினப்புறம் 75டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில், சுமார் 1.7 லிட்டர். பிளக் ஓட்டை வாய் வரை நிரம்பினா சரி. முதல் டிராக் நாள் முடிஞ்சதும் வடிச்சுக் காந்தத்தை ஓட்டிப் பாருங்க. மை மாதிரி தூள் இருந்தா பரவாயில்லை. நகத்துல தட்டுப்படுற துண்டு வந்தா மூடியைத் திறந்தே ஆகணும்.

நான்குவழி:
ரோட்டு விஷயம். இந்தக் காருல பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல சுமார் 1.42 மீட்டர். 90 டிகிரி திரும்பினா வெளிச்சக்கரம் உள்சக்கரத்தை விட 2.2 மீட்டர் கூட ஓடணும். வளைவு சின்னதோ பெரிசோ, இந்தக் கணக்கு மாறாது. 225/45 ஆர்17 டயரோட சுற்றளவு 2 மீட்டர்தான். அப்போ ஒவ்வொரு முனைத் திருப்பத்துக்கும் ஒரு முழுச் சுற்றுக்கு மேல டயர் தேய்ச்சுத்தான் ஈடுகட்டணும். மோட்டர்வேல இது தெரியவே தெரியாது. கார் பார்க்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் கிறீச்சிட்டுக் குதிக்கும், அந்த முறுக்கு முழுக்க டிரைவ்ஷாஃப்ட் (டிஃப்ல இருந்து சக்கரத்துக்குப் போற தண்டு) மேல. முதல்ல போறது டயர், அடுத்து சிவி ஜாயின்ட் (அந்தத் தண்டோட முனை மூட்டு).

எனக்குப் பயம் மழைதான். வளைவுல நுழையும்போது பின்பக்கம் காரை நேரா தள்ளும், முன்பக்கம் திரும்பாது. பொறுமையில்லாம ஆக்சிலரேட்டரை மிதிச்சா ரெண்டு பின்சக்கரமும் ஒண்ணா பிடிவிட்டு வால் சுழலும். வெல்டு துண்டு உடைஞ்சு கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல மாட்டினா, ஓடுற வேகத்துலயே பின் அச்சு பூட்டிக்கும். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட இந்த மாற்றத்தைச் சொல்லியே ஆகணும், மறைச்சா கிளெய்ம் கிடைக்காம போகலாம்.

என்னைக் கேட்டா, இந்தக் காரை ரோட்லயும் ஓட்டறதா இருந்தா 188 எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப், பாதி மட்டும் பூட்டுற வகை) தேடுங்க. பழைய டிஃப் வாங்கும்போது மூடியில தொங்குற தகட்டைப் பாருங்க. விகிதத்துக்கு முன்னாடி 'எஸ்' இருந்தா, 'எஸ் 2.93' மாதிரி, அது லாக்கிங் டிஃப், அதாவது எல்எஸ்டி. தகடு மாத்தி மாட்டினதாகவும் இருக்கலாம். அதனால ஒரு ஃபிளாஞ்சைக் கையால சுத்துங்க. மத்தது எதிர்த்திசையில போனா ஓப்பன், சேர்ந்தே சுத்தினா எல்எஸ்டி. ட்ரெய்லர்ல ஏத்தி இறக்குற காருன்னா வெல்டு தாராளமா போதும்.

பின்சில்லு:
ரொம்ப நன்றிண்ணா. வெல்டு அடிச்சா எம்ஓடி (பிரிட்டன்ல வருஷா வருஷம் நடக்கிற வண்டிச் சோதனை) பிரேக் டெஸ்ட் எப்படி?

கிரவுன்பினியன்:
பிரேக் அளக்கிற ரோலர்ல ஏத்த வேண்டாம்னு டெஸ்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு சக்கரத்தைச் சுத்தினா மத்ததும் சேர்ந்து சுத்தும், அளவு தப்பா வரும், கார் ரோலரை விட்டு ஏறியும் வரும். எல்எஸ்டி கார் மாதிரியே டிசெலரோமீட்டர் (வேகம் குறையுறதை அளக்கிற கருவி) வெச்சு ஓட்டிப் பார்ப்பாங்க.

வீட்லயும் இதே கவனம் வேணும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்ல தூக்கி, கியர் போட்டு இன்ஜினை ஓட விடாதீங்க. தரையில இருக்கிற சக்கரம் இழுத்து, கார் ஜாக்கை விட்டு இறங்கிடும்.