உப்பளம் பக்கத்து டவர்: ஃப்யூயல் செல் இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, யாராவது உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். வேதாரண்யம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய ஒரு செல்போன் டவர் சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு ஹைட்ரஜனையும் காற்றையும் சேர்த்துக் கரன்ட் தரும் ஃப்யூயல் செல் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. லோடு 1.5 கிலோவாட். முன்பெல்லாம் ஒரு சிலிண்டர் ஆறு மணி நேரம் வரும். இப்போது கரன்ட் போனதும் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இருபது நிமிடத்தில் ஸ்டாக் (செல்களை அடுக்கிய தொகுப்பு) வோல்டேஜ் 52-லிருந்து 42-க்கு இறங்கி டிரிப் ஆகிவிடுகிறது, அப்புறம் பேட்டரிதான். சிலிண்டர் மாற்றிப் பார்த்தேன், ரெகுலேட்டர் பிரஷரும் சரி. 2018 கஜா புயலில் இந்தப் பக்கம் கரன்ட்டும் போனும் இல்லாமல் ஜனங்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன், ஐப்பசி மழைக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

பதில் 1:
கேஸ் எந்த கிரேடு? கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் கலந்திருந்தாலே செல்லுக்குள் வினையை நடத்தும் பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்கு இடம் விடாது.

கேட்டவர்:
99.99 சதவீதம் சார், ஆரம்பத்திலிருந்து அதேதான்.

பதில் 2:
தம்பி, மொத்த வோல்டேஜை விடுங்கள், கன்ட்ரோலரில் செல் வாரியாகப் பாருங்கள். லோடில் ஒரு செல்லுக்கு 0.65 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு செல் மட்டும் படுத்தால் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கலாம். எல்லாமே ஒரே மாதிரி இறங்கினால் முதலில் காற்றுப் பக்கம்தான் சந்தேகம். காற்று உள்ளே போகும் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்? கடலோர சைட்டில் உப்பு உள்ளே போனால் அதிலுள்ள குளோரைடு பிளாட்டினத்தைக் கெடுக்கும், சாதாரண தூசி ஃபில்டர் போதாது. கேபினெட்டைத் திறக்கும் முன் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு லீக் டிடெக்டரை மேல்பக்கம் பிடித்துப் பாருங்கள், ஹைட்ரஜன் மேலேதான் போய்ச் சேரும்.

கேட்டவர்:
அண்ணா, 80 செல்லும் ஒரே மாதிரி 0.52! ஃபில்டரைக் கழற்றினால் வெள்ளையாக உப்பு படிந்து கட்டியாகிக் கிடந்தது, வைத்ததிலிருந்து யாருமே மாற்றவில்லை. உப்பைப் பிடிக்கும் ஃபில்டர் வாங்கிப் போட்டு இன்று நான்கு மணி நேரம் ஓட்டினேன், 49-க்குக் கீழே இறங்கவே இல்லை. மீதி 3 வோல்ட் திரும்ப வருமா?

பதில் 2:
அடைப்பால் இறங்கியது வந்துவிட்டது. குளோரைடால் போனதில் கொஞ்சம் சுத்தமான காற்றில் ஓட ஓடத் திரும்பும், பிளாட்டினமே கரைந்திருந்தால் அது வராது. சும்மா கிடந்தால் செல்லுக்குள் இருக்கும் மெம்பிரேன் (மெல்லிய சவ்வு) காய்ந்துவிடும், அதனால் கரன்ட் போகாவிட்டாலும் மாதம் ஒருமுறை லோடில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மழைக்கு முன் இன்னொரு ஃபில்டர் வாங்கி சைட்டிலேயே வையுங்கள்.